பட்டாளத்துக்குப் போன காது

உச்சிப்புளிக்காரன் | ஞாயிறு, இரவு 9.10

17 வருஷம் ராணுவத்தில் ஆர்ட்டிலரியில் (பீரங்கிப் படையில்) இருந்துவிட்டு ஊருக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. போன வாரம் எங்கள் அம்மன் கோவில் முளைக்கொட்டு, முளைப்பாரி வைத்துப் பெண்கள் கும்மி கொட்டிப் பாடும் திருவிழா. பத்து மணிக்கு மேல் திடலில் பெண்கள் வட்டம் கட்டினார்கள். அம்மா எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள். நான் வேலிக்கருவை ஓரமாக நின்றேன். கை தன்னாலே தட்ட ஆரம்பித்தது. நாலைந்து தட்டு போன பிறகுதான் கவனித்தேன், என் தட்டு மற்றவர்கள் தட்டுக்கு நடுவில் போய் விழுகிறது. சின்னப் பையனாக அம்மா மடியில் அரைத்தூக்கத்தில் கிடந்தபோதுகூடப் பிசகாத தாளம் அது. கையைக் கட்டிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தும் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

நான் சேர்ந்தது 2004-ல். டிரெயினிங் முடிந்து யூனிட்டுக்குப் போனபோது கறுப்பு டிரங்குப் பெட்டியில் ஒரு கேசட் இருந்தது. தங்கச்சி பக்கத்து வீட்டு டேப்பை இரவல் வாங்கி முளைக்கொட்டு ராத்திரியில் பதிந்து கொடுத்தது. அட்டையில் நீல மையில் ‘அம்மா பாட்டு’ என்று எழுதியிருப்பாள். நடுவில் நாய் குரைக்கும், யாரோ தண்ணீர் கேட்பார்கள், ஒரு குழந்தை அழும். எல்லாம் அதில் இருக்கும். எங்கள் பாரக்கில் நாற்பது கட்டில், பொதுவில் ஒரு டேப். ஒரு ஞாயிறு மத்தியானம் எல்லாரும் துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டுச் சும்மா படுத்திருந்த நேரம் பார்த்து கேசட்டைப் போட்டேன். ஒரு நிமிஷம்கூட ஓடியிருக்காது. சீனியர் ஒருவர் படுத்தபடியே, “க்யா ரோனா தோனா லகாயா ஹை” என்றார். என்ன ஒப்பாரி வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று அர்த்தம். நாற்பது பேரும் சிரித்தார்கள்.

அதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. எனக்குக் காய்ச்சல் கண்டபோது லங்கரிலிருந்து (யூனிட் சமையல்கூடம்) தட்டில் கிச்சடி வாங்கி வந்து ஊட்டாத குறையாகக் கொடுத்தவர் அதே சீனியர்தான். ஆனால் அன்றைக்குக் கேசட்டை எடுத்து ஒரு லுங்கியில் சுற்றிப் பெட்டி அடியில் வைத்தவன், 17 வருஷம் அதை வெளியே எடுக்கவில்லை.

அப்புறம் பஞ்சாபிப் பாட்டு கேட்டேன். முதலில் பிடித்த மாதிரி காட்டிக்கொண்டேன். போகப் போக நிஜமாகவே பிடித்துவிட்டது. டோல் அடி விழுந்தால் இப்போதும் தோள் ஆடும். அதை நான் குறை சொல்லவில்லை, அது அருமையான இசை. என் வருத்தம் வேறு. படாகானா (யூனிட்டில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் பெரிய விருந்து) அன்று ஒவ்வொரு மாநிலத்துக்காரனும் ஏதாவது செய்துகாட்ட வேண்டும். “மதராசி, உன் ஊர் பாட்டு ஒன்று” என்பார்கள். அவர்கள் கேட்பது வேகமாக அடிக்கும் ஒரு சினிமாப் பாட்டு, அதுவும் டி.வி.யில் அவர்கள் பார்த்திருக்கிற பாட்டாக இருக்க வேண்டும். நானும் அதற்கு ஆடினேன், கை தட்டினார்கள். என் ஊர் பாட்டு என்று அவர்கள் கேட்டது என் ஊர் பாட்டே கிடையாது. அவர்களைப்போல ரசிக்கவும் கற்றுக்கொண்டேன், அவர்கள் நினைக்கிற தமிழனாக இருக்கவும் கற்றுக்கொண்டேன். இரண்டாவதுதான் இப்போது அதிகம் வலிக்கிறது.

நம் கரையோரத்திலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கு எப்படி இருந்தது? சொல்லுங்கள்.


கமுதி சுபேதார் | ஞாயிறு, இரவு 9.48

தம்பி, படித்தேன். மனசில் பட்டதைச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் மெட்ராஸ் ரெஜிமெண்ட், வெல்லிங்டன். 1758-ல் தொடங்கிய படை. எங்களில் தமிழன், மலையாளி, தெலுங்கன், கன்னடக்காரன் எல்லாரும் உண்டு. எங்கள் போர் முழக்கம் ‘வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு’. நூறு பேர் தொண்டை கிழிய நம் பாஷையில் கத்தும்போது மயிர்க்கூச்செறியும். ஆக, உங்கள் மாதிரிக் கலப்பு யூனிட்டில் இருந்தவர்கள் பட்டது எனக்கு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். சீக்கியனுக்கு சீக்கிய ரெஜிமெண்ட், டோக்ராவுக்கு டோக்ரா ரெஜிமெண்ட் என்று இருக்கிற இடத்தில் ஊர்ப் பாட்டு தானாகவே பாரக்குக்குள் வந்துவிடும். எல்லா ஊர்க்காரனும் ஒன்றாக இருக்கிற இடத்தில் யார் எண்ணிக்கை அதிகமோ அவன் பாட்டுதான் ஓடும்.

ஆனால் ஒன்று. பட்டாளத்தில் பாட்டு என்பது ரசனைக்கு என்று வந்தது கிடையாது. நிமிஷத்துக்கு 120 அடி. அதுதான் முதல் பாட்டு. பெரிய டிரம் இடது காலுக்கு விழும். எண்ணூறு பேர் குதிகால் ஒரே நேரத்தில் தரையில் விழ வேண்டும் என்றால் எண்ணூறு காதும் ஒரே மாதிரி கேட்டாக வேண்டும். முளைக்கொட்டுத் தாளத்துக்குப் பரேடு போக முடியாது.

இன்னொன்றும் சொல்கிறேன். ரங்ரூட்டாக, அதாவது புதுச் சிப்பாயாகப் போய் மூன்றாம் நாள் பைப் பேண்டு கேட்டேன். வாசிப்பு தொடங்கும் முன்னால் பையில் காற்றை நிரப்பியதும் ஒரே சுருதியாக ‘ஙொய்’ என்று ஒரு சத்தம் நிற்கும் பாருங்கள், எனக்கு நாயனக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து ஒத்து ஊதுகிறவர் ஞாபகம்தான் வந்தது. கமுதிச் சந்தையும் எங்கள் கோவில் வாசலும் கண்ணில் வந்து நின்றன. ஸ்காட்லாந்துக்காரன் கொண்டுவந்த வாத்தியத்துக்குள் என் ஊர் இருந்தது. பிறகு ஒரு கர்வால்காரர் எனக்கு நண்பரானார். அவர்கள் மலையில் கல்யாணத்துக்கே அந்தப் பைதான் வாசிப்பார்களாம், மசக் பீன் என்று பெயர். பட்டாளத்துக்குப் போன தாத்தாக்கள் கொண்டுவந்தது. அவருக்கு அது ஊர்ச் சொத்து, வெள்ளைக்காரன் சாமான் என்று சொன்னால் சண்டைக்கு வருவார்.

உங்களை யாரும் பாடாதே என்று உத்தரவு போடவில்லையே?


உச்சிப்புளிக்காரன் | ஞாயிறு, இரவு 10.05

அண்ணே, உத்தரவு போட்டிருந்தால் மனசு இவ்வளவு கனத்திருக்காது. உத்தரவு என்றால் உள்ளுக்குள் எதிர்த்துக்கொண்டாவது இருந்திருப்பேன். யாரும் சொல்லாமல் நானே பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

பரேடு சரி, அதற்கு ஒரே கால் வேண்டும். ஞாயிறு மத்தியானம் துணி காயும் நேரத்துக்கு எதற்கு ஒரே காது?


தேவிபட்டினம் அக்கா | திங்கள், காலை 6.30

தம்பிகளா, நான் பட்டாளத்துக்காரர் மனைவி. 11 வருஷம் வடக்கே குவார்ட்டர்ஸில் குடித்தனம். ஆண்கள் பாரக்கில் நடந்தது எங்களுக்கும் நடந்தது, வேறு மாதிரி.

மாதம் ஒரு தடவை லேடீஸ் மீட் இருக்கும். கட்டாயம் போக வேண்டும். கலைநிகழ்ச்சி என்று வந்தால் ‘சவுத்’ ஐட்டம் ஒன்று இருக்கும், அதில் நான் நிற்பேன். ஜரிகை போட்ட வெள்ளைப் புடவை, தலை நிறையப் பூ, கையில் விளக்கு. எங்கள் வீட்டில் யாரும் அப்படிப் புடவை கட்டியதே இல்லை என்று சொன்னால் யாருக்குப் புரியும்? பெரிய ஆபீசரின் வீட்டம்மா ஆசையாகத்தான் செய்யச் சொல்வார். மறுத்தால் வீட்டுக்காரருக்குக் கெட்ட பெயர் வருமோ என்று பயம். சிரித்துக்கொண்டே விளக்கைப் பிடித்தேன்.

ஆனால் மொட்டை மாடியில் வேறு கதை. வெயில் காலத்தில் நான் வடகம் பிழிவேன், அக்கம்பக்கத்துப் பஞ்சாபிப் பெண்கள் பாப்பட் காயவைக்க வருவார்கள். ஒரு நாள் சாயங்காலம் அவர்கள் கித்தா ஆடினார்கள். வட்டமாக நின்று கை தட்டி, ஒருத்தி நடுவில் வந்து நாலு வரி சொல்வாள், மற்றவர்கள் கடைசி வரியைத் திருப்பிப் பிடிப்பார்கள். மாமியாரைத் திட்டி ஒரு வரி, லீவில் வராத புருஷனைத் திட்டி ஒரு வரி. நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் நின்றேன். கும்மிதானே அது! தட்டும் இடம் மட்டும்தான் வேறு. அவர்களிடம் அதைக் கற்றுக்கொண்டேன். அவர்களுக்கு நம் தட்டைச் சொல்லிக் கொடுத்தேன். முன்னால் குனிந்து ஒரு தட்டு, பின்னால் நிமிர்ந்து ஒரு தட்டு, பாதத்தை மாற்றி வைப்பது, எல்லாம். கோதுமை மாவு ஒட்டிய கையோடு ஒருத்தி தட்டியதில் மாவு பறந்து எல்லார் முகத்திலும் விழுந்தது. அந்தச் சாயங்காலம் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

மேடையில் நான் யாரோ. மொட்டை மாடியில் நான் தேவிபட்டினத்துக்காரி. ஆண்களுக்கு அந்த மாதிரி ஒரு மொட்டை மாடி கிடைக்கவில்லை போலிருக்கிறது. எங்களவர் ரிட்டயர் ஆகி வந்தும் தனியாக இருக்கும்போதுகூட எதையும் முணுமுணுப்பதில்லை. கல்யாணமான புதிதில் சைக்கிள் மிதித்துக்கொண்டே பாடுவார்.


சேதுக்கரை | திங்கள், காலை 8.15

நாட்டைக் காக்கப் போனவர்கள் பாட்டைப் பற்றி இவ்வளவு கவலைப்பட வேண்டுமா? அங்கே எல்லாரும் ஒன்று என்று இருப்பதால்தானே படை நிற்கிறது. நேதாஜி படையில் மலேயாத் தோட்டத்துத் தமிழர்கள் எத்தனை பேர்! இந்துஸ்தானியை ரோமன் எழுத்தில் படித்துக்கொண்டு, ராம் சிங் தாக்குரி மெட்டமைத்த ‘கதம் கதம்’ பாடிக்கொண்டு நடந்தார்கள். என் பாட்டு எங்கே என்று கேட்டார்களா?


உச்சிப்புளிக்காரன் | திங்கள், காலை 8.40

சேதுக்கரை அண்ணே, நானும் நடந்தேன், பாடினேன். திரும்பக் கூப்பிட்டால் நாளைக்கே போவேன். ஐ.என்.ஏ.வுக்குப் போன தோட்டத் தமிழர்கள் அந்தப் பாட்டைத் தெரிந்தே, தங்கள் சொந்த இஷ்டத்தில் எடுத்துக்கொண்டார்கள், அவர்களை நினைத்து எனக்கும் பெருமைதான். ஆனால் ராத்திரி கூடாரத்துக்குள் அவர்கள் எதைப் பாடியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? தோட்டத்துத் தாலாட்டும் ஒப்பாரியும் தெம்மாங்கும்தானே அவர்களுக்குத் தெரியும். இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்க முடியும். இருக்கட்டும் என்றுதான் நானும் கேட்கிறேன்.


கீழக்கரை மாலுமி | திங்கள், மதியம் 1.20

நேவியில் 15 வருஷம். ஒடிசாவில் சில்காவில்தான் எங்களுக்கு முதல் பயிற்சி.

கப்பலில் பாரக் மாதிரி ஒதுங்க இடம் கிடையாது. மூன்றடுக்குக் கட்டில், தலைக்கு மேலே குழாய்கள், ஒலிபெருக்கியில் வருவதுதான் எல்லாருக்கும் பாட்டு. டியூட்டியில் இருப்பவர் எதைப் போடுகிறாரோ அது. ஒரு கப்பலில் எங்கள் கேப்டன் நல்ல மனுஷர், ஒரு முறை வைத்தார். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம், ஒரு நாள் ஒரு மாநிலம். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் நடந்தது என்ன தெரியுமா? வங்காளி நாளில் வங்காள சினிமாப் பாட்டு, ஆந்திரா நாளில் தெலுங்கு சினிமாப் பாட்டு. என் முறை வந்தபோது நானும் சினிமாப் பாட்டுதான் போட்டேன். கையில் ஹனிபா பாட்டு இருந்தது. நாகூர் ஹனிபா பிறந்தது நம் ராமநாதபுரத்தில், 1919-ல். எங்கள் வீட்டில் நோன்பு மாசத்து அதிகாலை என்றால் அந்தக் குரல்தான். அதைப் போடலாமா, பக்திப் பாட்டு, ஒரு மதத்துப் பாட்டு, யாராவது ஏதாவது நினைப்பார்களோ என்று கை பின்வாங்கியது. யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது. உச்சிப்புளி காக்கா (எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம்) சொன்ன அதே பூட்டு. நானே போட்டுக்கொண்டது.

பிறகு ஒரு நாள் விடியக்காலை வாட்ச் முடிந்து மேல்தளத்தில் உட்கார்ந்து மெதுவாகப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து அந்த வங்காளி வந்தான். எழுந்து நிறுத்தப் போனேன். “சல்னே தோ” என்று கையைப் பிடித்தான். ஓடட்டும் என்றான். ஒரு வார்த்தை புரியாமல் முழுப் பாட்டையும் கேட்டான். கேட்டுவிட்டு அவன் ஊர் படகோட்டிப் பாட்டு ஒன்றைத் தாழ்ந்த குரலில் பாடினான். பாட்டியாலி என்றான். அந்தக் கப்பலில் இரண்டு வருஷம் ஒன்றாக இருந்தோம், அன்றைக்குத்தான் அவன் யாரென்று தெரிந்த மாதிரி இருந்தது.

இன்னொரு விஷயம். நம் கரைக்கு எப்போதுமே ஒரே காதாக இருந்ததில்லை. என் வாப்பா காலத்தில் இங்கே இலங்கை வானொலிதான். பொங்கும் பூம்புனல் கேட்டுத்தான் வீட்டில் அடுப்பு எரியும். நடுவில் கடல்தானே, அந்தப் பக்கத்து அலை தெளிவாக வந்து விழும். கொழும்பில் ஒருவர் தேர்ந்தெடுத்த பாட்டுதான் கீழக்கரையின் ரசனை ஆனது. ஆகவே யாரிடம் ஒலிபெருக்கி இருக்கிறதோ அவர் காதுதான் எல்லாருக்கும் வருகிறது. பட்டாளம் அதில் கொஞ்சம் நெருக்கமான இடம், அவ்வளவுதான்.


பாம்பன் வல்லம் | திங்கள், மாலை 5.50

நான் பட்டாளம் போனதில்லை. கடலுக்குப் போகிறவன். கீழக்கரை மாலுமி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன்.

எங்கள் தாத்தா காலத்தில் கரைவலை இழுக்க இரு பக்கமும் இருபது இருபது பேர் நிற்பார்கள். அம்பாப் பாட்டு இல்லாமல் வலை வராது. ஒருவர் அடி எடுப்பார், மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்று வாங்கும்போது கயிறு ஒரு முழம் வரும். சுபேதார் ஐயா சொன்ன 120 அடி மாதிரிதான் அதுவும், எல்லாரும் ஒரே நேரத்தில் இழுக்கத்தான் பாட்டு. ஆனால் அடி எடுக்கிறவர் இஷ்டத்துக்கு வரி மாறும். மீன் வியாபாரியைத் திட்டுவார், மாதாவைக் கூப்பிடுவார், எதிரே வரும் பெண்ணைக் கேலி செய்வார். காற்று கச்சானாக (மேற்குக் காற்றாக) இருந்தால் பாட்டு இழுவையாகப் போகும். ஒரே இழுப்புக்குள் அவ்வளவு இடம் இருந்தது.

அதை யார் அழித்தார்கள்? பட்டாளம் அழிக்கவில்லை. எஞ்சின் வந்தது. டீசல் சத்தத்தில் யார் பாடினாலும் கேட்காது, பாடத் தேவையும் இல்லை. என் வயசில் இருக்கிறவனுக்கு அம்பா நாலு வரிக்கு மேல் தெரியாது. உச்சிப்புளி அண்ணன் ஊரிலேயே இருந்திருந்தாலும் தாளம் பிசகியிருக்கலாம்.


உச்சிப்புளிக்காரன் | திங்கள், மாலை 6.30

இருக்கலாம் தம்பி. நான் இதை நினைத்துப் பார்க்கவில்லை. முளைக்கொட்டில் அம்மாவைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் ஐம்பதுக்கு மேல். சின்னப் பெண்கள் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.


இசைக்கல்லூரி மாணவி | திங்கள், இரவு 8.00

நான் ராமநாதபுரம், மதுரையில் வாய்ப்பாட்டு படிக்கிறேன். பெரியவர்கள் பேசும் இடம், இருந்தாலும் ஒன்று சொல்ல ஆசை.

முத்துஸ்வாமி தீட்சிதர் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்தபோது புனித ஜார்ஜ் கோட்டையின் கும்பினிப் (கிழக்கிந்தியக் கம்பெனி) பேண்டு வாசிக்கிற மெட்டுகளைக் கேட்டிருக்கிறார். அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம், அதாவது பாட்டு வரிகள், செய்தார். நோட்டுஸ்வரம் என்று பெயர், நாற்பதுக்குப் பக்கம் இருக்கும். எல்லாமே சங்கராபரண ஸ்வரங்களில் ஓடும். இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் பாட்டின் மெட்டில்கூட அவர் ஒன்று செய்திருக்கிறார், ‘சந்ததம் பாஹிமாம்’ என்று அம்பாளைப் பாடுவது. முதல் வருஷம் எங்களுக்கு அதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். வகுப்பில் சின்னப் பிள்ளைகள் மாதிரி உற்சாகமாகப் பாடுவோம். கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர்கள் கடைசியில் வாசிக்கிற ‘இங்கிலீஷ் நோட்டு’ வந்த வழியும் அதுதான். கிளாரினெட் நம் கச்சேரிக்கு வந்ததும் பேண்டிலிருந்துதான்.

அப்போது நாட்டை ஆண்டவன் அவன், பேண்டு அவனுடையது, ஒலிபெருக்கி அவனிடம். தீட்சிதர் கேட்ட மெட்டை மாற்றாமல் எடுத்தார், ஆனால் உள்ளே தன்னுடையதை வைத்தார். உச்சிப்புளி அண்ணன் பஞ்சாபி டோலைக் கேட்டுத் தோள் ஆடுகிறது என்றாரே, அதில் வெட்கப்பட எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதற்குள் நம் வரியை வைக்கிற வாய்ப்பு கிடைக்காததுதான் இழப்பு என்று நினைக்கிறேன்.


சேதுக்கரை | திங்கள், இரவு 8.25

இது எனக்குத் தெரியாது, நன்றி அம்மா. ஒரு கேள்வி. தில்லியில் ஜனவரி 29 பாசறை திரும்பும் நிகழ்ச்சியில் 1950-லிருந்து வாசித்து வந்த ஆங்கிலப் பிரார்த்தனைப் பாட்டை 2022-ல் எடுத்துவிட்டார்கள். நம் நாட்டுப் பாட்டுதான் வேண்டும் என்று நான் அன்று சந்தோஷப்பட்டேன். கமுதி ஐயா என்ன நினைக்கிறீர்கள்?


கமுதி சுபேதார் | திங்கள், இரவு 9.10

அதன் இடத்தில் வந்த பாட்டு 1963-ல் தில்லியில் நேரு முன்னால் லதா மங்கேஷ்கர் பாடியது. சீனப் போரில் இறந்தவர்களுக்கானது. அதைக் கேட்டு அழாத பட்டாளத்துக்காரன் இல்லை, நானும் அழுதிருக்கிறேன். ஆனால் அந்தப் பழைய பாட்டு எங்களுக்கு இங்கிலீஷ் பாட்டாக இருந்ததே இல்லை. வார்த்தை யாருக்குத் தெரியும்? வெளிச்சம் மங்கும் நேரம், பேண்டு மெதுவாக எடுக்கும், தூரத்திலிருந்து மணி ஒலிக்கும். இறந்துபோன தோழர்கள் ஞாபகம் வரும். எனக்கு 1999-ல் போன ஒருவன் ஞாபகம் வரும். அவனுக்கும் இங்கிலீஷ் தெரியாது. ஒரு பாட்டோடு ஒருவன் ஒட்டிக்கொண்டுவிட்டால் அப்புறம் அது யார் பாட்டு என்று பிரிக்க எனக்கு மனசு வரவில்லை.

உச்சிப்புளித் தம்பி, நேற்று நான் கொஞ்சம் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். ‘யாரும் உத்தரவு போடவில்லையே’ என்று கேட்டேன். ராத்திரி முழுக்க அதையே யோசித்தேன். நான் ஜே.சி.ஓ.வாக (சிப்பாய்களுக்கு மேலே இருக்கும் இளநிலை அதிகாரியாக) இருந்தபோது என் கம்பெனியில் ஒரு பையன் குளிக்கும்போது ஏதோ பாடுவான், ஊர்ப்பக்கத்துப் பாட்டு. மற்றவர்கள் சிரிப்பார்கள். நான் கேட்டுக்கொண்டே போவேன். நிறுத்துங்கடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், சொல்லவில்லை. கொஞ்ச நாளில் அவன் பாடுவதை விட்டுவிட்டான். நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை. இப்போதுதான் ஞாபகம் வருகிறது.


ரயில்வே கேட் | செவ்வாய், காலை 10.40

எங்கள் அப்பா உச்சிப்புளியில் டீக்கடை வைத்திருக்கிறார். ஐ.என்.எஸ். பருந்து என்ற கடற்படை விமானத் தளம் வந்ததிலிருந்து, 2009-லிருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள், வடக்கத்திப் பையன்கள் நிறைய வருவார்கள். பருந்து என்று தமிழ்ப் பெயர் வைத்த இடத்தில் அரியானாக்காரன் வேலை பார்க்கிறான், நம் ஆள் அரியானாவில் வேலை பார்க்கிறான்.

போன பொங்கல் லீவில் அரியமான் கடற்கரையில் சவுக்குத் தோப்பு ஓரமாக ஒரு பையன் தனியாக உட்கார்ந்து போனைக் காதோடு வைத்திருந்தான். கடைக்கு வருகிற பையன்தான். யாரிடமோ பேசுகிறான் என்று நினைத்தேன். பக்கத்தில் போனால் பாட்டு. ஒரு கிழவர் குரல், கூடவே பானை மாதிரி ஏதோ தட்டுகிற சத்தம். என்ன பாட்டு என்றேன். ராகிணி, எங்கள் கிராமத்துப் பாட்டு என்றான். சத்தமாக வைத்துக் கேட்கலாமே என்றதற்கு, கூட இருக்கிறவர்கள் ‘தேஹாத்தி’ என்று சிரிப்பார்கள் என்றான். பட்டிக்காட்டான் என்று அர்த்தமாம். எல்லாரும் கேட்கிற பாட்டைத்தான் அங்கே போட முடியும் என்றான்.

உச்சிப்புளி அண்ணே, உங்களைப் பார்த்துச் சிரித்த சீனியரும் தன் பெட்டி அடியில் ஏதாவது வைத்திருந்தாரோ என்னவோ.


உச்சிப்புளிக்காரன் | செவ்வாய், மதியம் 12.15

இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் எழுத வரவில்லை.

அவர் ஹிமாச்சல் பக்கத்து மலைக்காரர். எட்டு வருஷம் ஒன்றாக இருந்தோம். அவர் ஊர்ப் பாட்டு ஒன்றுகூட நான் கேட்டதில்லை. கேட்கவும் தோன்றவில்லை. அவரும் பஞ்சாபிப் பாட்டுக்குத்தான் ஆடுவார். அவர் நம்பர் இன்னும் என்னிடம் இருக்கிறது. இன்று சாயங்காலம் கூப்பிடுகிறேன்.


ஓட்டக்காரன் 19 | செவ்வாய், இரவு 7.30

அண்ணன்மாரே, நான் அக்னிவீர் தேர்வுக்குப் பயிற்சி எடுக்கிறேன். விடியக்காலை நாலரைக்குக் கரையில் ஓடுவோம். 1600 மீட்டரை 5 நிமிடம் 30 நொடிக்குள் முடித்தால்தான் ஓட்டத்துக்கு முழு மதிப்பெண், எனக்கு இப்போது 5.41 வருகிறது. காதில் பாட்டு போட்டுக்கொண்டுதான் ஓடுவேன். இதையெல்லாம் படித்ததும் கொஞ்சம் பயமாக இருக்கிறது. ஆனால் உங்கள் காலம் மாதிரி இப்போது பொது டேப் இல்லையே. எல்லாம் போனில் இருக்கிறது, காதில் மாட்டிக்கொண்டால் யார் சிரிக்கப் போகிறார்கள்?


கமுதி சுபேதார் | செவ்வாய், இரவு 7.55

தம்பி, முதலில் காதில் எதையும் மாட்டாமல் ஓடிப் பழகு. ஆள்சேர்ப்பு ராலியில் மாட்ட விட மாட்டார்கள், உன் மூச்சுச் சத்தம்தான் உனக்குத் தாளம். முதல் 400-ல் வேகம் எடுக்காதே, கடைசி 300-க்கு வைத்துக்கொள். 11 நொடி குறைந்துவிடும்.

டிரெயினிங்கில் போன் உன் கையில் எப்போதும் இருக்காது, அதையும் தெரிந்துகொள்.


உச்சிப்புளிக்காரன் | செவ்வாய், இரவு 8.20

தம்பி, காதில் மாட்டிக்கொண்டு கேட்பது என் பெட்டி அடியில் கேசட் இருந்த மாதிரிதான். பத்திரமாக இருக்கும், யாருக்கும் கேட்காது. போனை நம்பாதே. உன் வீட்டில் யார் பாடுவார்கள்? அவர்களிடம் ஒரே ஒரு பாட்டை வாயால் பாடுகிற அளவுக்குக் கற்றுக்கொண்டு போ. படாகானாவில் உன்னைக் கூப்பிட்டால் அதைப் பாடு. குரல் நடுங்கினாலும் பரவாயில்லை. சிரித்தால் சிரிக்கட்டும், முடித்துவிட்டு உட்காரு. அப்புறம் பக்கத்தில் இருக்கிறவனிடம் அவன் அம்மா என்ன பாடுவாள் என்று கேள். நான் 17 வருஷத்தில் ஒருவனிடமும் கேட்கவில்லை.


ஓட்டக்காரன் 19 | செவ்வாய், இரவு 8.45

அப்பத்தா பாடும் அண்ணே. பாசி எடுக்கப் போகும்போது பாடும். கேட்டுப் பார்க்கிறேன்.


தேவிபட்டினம் அக்கா | செவ்வாய், இரவு 9.00

உச்சிப்புளித் தம்பி, அந்தக் கேசட் இப்போது எங்கே? அதைச் சொல்லவே இல்லையே.


உச்சிப்புளிக்காரன் | செவ்வாய், இரவு 9.20

இருக்கிறது அக்கா. முளைக்கொட்டு முடிந்த மறுநாள் பெட்டியைத் திறந்தேன். லுங்கி மடிப்பு கலையாமல் இருந்தது. தங்கச்சி எழுத்து வெளுத்துவிட்டது. நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருக்கிறது, சுருள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிற மாதிரியும் தெரிகிறது. போட்டுப் பார்க்கப் பயமாக இருக்கிறது. அதில் அம்மா குரல் நாற்பது வயசுக் குரல். இப்போது அம்மாவுக்கு மூச்சு இழுக்கிறது, அந்தக் கட்டையில் பாட முடியாது. கூடப் பாடியவர்களில் மூன்று பேர் இப்போது இல்லை.


பாம்பன் வல்லம் | செவ்வாய், இரவு 9.35

அண்ணே, போட்டுவிடாதீர்கள்! ஒட்டிய நாடாவை ஓடவிட்டால் அறுந்துவிடும். என் மச்சான் முன்பு தங்கச்சிமடத்தில் கேசட் கடை வைத்திருந்தார், சாமான் எல்லாம் இன்னும் வீட்டில் இருக்கிறது. ஓட்டில் ஐந்து திருகாணி இருக்கிறதா, ஒட்டிய ஓடா என்று மட்டும் பாருங்கள். திருகாணி என்றால் சுலபம். ஓட்டைப் பிரித்து, இரண்டு சுருளையும் வேறு நல்ல ஓட்டுக்கு மாற்றி, உலர்ந்த மெல்லிய துணியால் பூஞ்சையைத் துடைத்துக்கொண்டே கையால் மெதுவாகச் சுற்றுவார். முழு நாடாவும் ஒரு தடவை அந்தப் பக்கமும் ஒரு தடவை இந்தப் பக்கமும் சுற்றிய பிறகுதான் ஓட்ட வேண்டும், அப்போதே போனில் பதிந்தும்விடலாம். அரை நாள் ஆகும். வெயிலில் மட்டும் வைக்காதீர்கள்.


உச்சிப்புளிக்காரன் | செவ்வாய், இரவு 9.50

ஐந்து திருகாணி இருக்கிறது தம்பி. இப்போதுதான் டார்ச் அடித்துப் பார்த்தேன், ஒன்று துருப்பிடித்திருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். அம்மாவும் வருகிறேன் என்கிறது.

சீனியரைக் கூப்பிட்டேன். எடுத்தவுடன் “ஏ மதராசி” என்று கத்தினார். ஊர்ப் பாட்டு ஏதாவது பாடுங்கள் என்றதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. யார் சொல்லிக் கொடுத்தது உனக்கு இதைக் கேட்க என்றார். அப்புறம் பாடினார்.


பாம்பன் வல்லம் | செவ்வாய், இரவு 9.55

பாம்பன் பாலம் தாண்டியதும் போன் பண்ணுங்கள், ஸ்டாப்பில் நிற்கிறேன்.